வீட்டுக்கும் யார்டுக்கும் நடுவே

பழைய கார் வியாபாரத்தில் இறங்கப்போகிற பையன்கள் யோசனை கேட்க வந்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். எந்த ரோட்டில் இடம் பிடிக்கலாம், எந்த வண்டி சீக்கிரம் கைமாறும், போர்டில் என்ன பேர் எழுதலாம். மூன்றாவதற்கு அவர்களே பதிலும் வைத்திருப்பார்கள்: குலதெய்வத்தின் பேர், இல்லாவிட்டால் மூத்த குழந்தையின் பேர். சட்டத்தின் கண்ணுக்கு இந்தத் தொழிலைச் செய்யப்போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானாகக் கேட்டால், "அத ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்பார்கள். பார்ப்பார். ஆனால் உங்களுக்குள் என்ன பேச்சு, யார் எதைக் கொடுக்கிறார், யார் எப்போது விலகலாம் என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

கோயமுத்தூரில் கார் கன்சல்டிங் என்று சொல்கிற இந்தத் தொழிலில்தான் எனக்குத் தலை நரைத்தது. மாருதி 800 வருவதற்கு முன்பு, அம்பாசடரும் பியட்டும் மட்டுமே விலை பேசப்பட்ட காலத்தில் ஆரம்பித்தவன் நான். அன்றைக்கு ஒரு மரத்தடி, ஒரு பெஞ்ச், நாலு புரோக்கர்கள், அதுதான் ஆபீஸ். நாக்குச் சுத்தம் போதும் என்று நம்பினோம். பல வருஷம் அது போதுமானதாகவும் இருந்தது. இப்போது ஒரு சாதாரண வண்டியே நாலைந்து லட்சம். பத்து வண்டி நிற்கிற யார்டில் ஒரு நல்ல வீட்டின் விலை வெயிலில் காய்கிறது.

இந்தச் சரக்கின் குணமும் தனி. விற்காத சேலை அலமாரியில் கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. யார்டில் நிற்கிற கார் சாவி கொடுத்தால் ரோட்டுக்குப் போகும், ஆளை இடிக்கும். அதன் ஆர்.சி.யில் யாரோ ஒருவர் பேர் இருக்கிறது. அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்குகிறவர் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் அந்த வண்டி யாருடையது? ஃபைனான்ஸ் பாக்கி பின்னால் தெரியவரலாம். வேறு மாநிலத்து வழக்கில் சிக்கிய வண்டியாக இருக்கலாம். ஒரே ஒரு வண்டியால் வருகிற அடி, மொத்த யார்டின் முதலையும் தாண்டிப்போய் வீட்டுப் பத்திரத்தில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு வரப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பக்கத்து வயலில் தண்ணீர் மிஞ்சினாலும் நம் வயலுக்குள் ஏறாமல் நிறுத்துவது அது. தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. போடுவதா, எவ்வளவு உயரத்துக்கு, போட்டதை யார் காப்பது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

தனி ஆளாக நடத்துவதில் வரப்பே கிடையாது. உங்கள் பான் கார்டுதான் தொழிலின் பான் கார்டு. ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு, கடையின் பேரில் ஒரு நடப்புக் கணக்கு, இவை இருந்தால் வண்டி ஓடும். போர்டில் எந்தச் சாமி பேர் இருந்தாலும் கடன்காரன் வரும்போது அந்தச் சாமி நீங்கள்தான். மாதம் ஒன்றிரண்டு வண்டிக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு, அடுத்தவர் பணத்தைத் தொடாமல் நடத்துகிறவருக்கு இது போதும். அவரைப் பிடித்து இழுத்துக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்கிற ஆட்கள்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் தனி ஆள் தொழிலில் ஆள் போனால் தொழிலும் போகும். வங்கிக் கணக்கு நிற்கும். மகன் வேறு பான் எண்ணில், வேறு ஜி.எஸ்.டி. எண்ணில் புதிதாகத் தொடங்கவேண்டும். யார்டில் நிற்கிற வண்டிகளுக்கு வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டும். ஒரே ஆள்தான், ஆனால் தொழில் தனக்குப் பிறகும் நிற்கவேண்டும் என்பவருக்கு 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் ஒற்றை நபர் கம்பெனி என்று ஒன்றைத் தந்திருக்கிறது. தனக்குப் பின் யார் என்று ஆரம்பத்திலேயே ஒருவர் பேரைக் கொடுத்தாகவேண்டும். அந்த ஒரு விதிக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் நடப்பது கூட்டு. மாப்பிள்ளையும் மச்சானும், இல்லாவிட்டால் ஒன்றாகப் படித்த இரண்டு பேர். ஒருவரிடம் காசு, ஒருவரிடம் வண்டி பார்க்கிற கண். இது நல்ல சேர்க்கைதான். கெடுவது எங்கே என்றால், பத்திரம் எழுதுகிற நாளில் இருவரும் உயிருக்குயிராக இருப்பார்கள். "நமக்குள்ள எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ அரிசி மண்டிக்கு எழுதிய பத்திரத்தில் பேரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டுப் பத்திரம் பிரியும் நாளுக்காக எழுதப்படுவது. பிரியம் இருக்கும்போது மட்டும்தான் அதை நியாயமாக எழுதமுடியும்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அப்படி ஒரு யார்டு இருந்தது. பேர் வேண்டாம். மாப்பிள்ளை, மச்சான் இருவரே பங்குதாரர்கள். நல்ல வியாபாரம். மச்சான் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு, "இனி நம்ம பங்கு எப்படிங்கண்ணா?" என்று அவர் மனைவி கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மாப்பிள்ளை பத்திரத்தை எடுத்தார். ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று ஒரு வரி அதில் இருந்தது, மனசு ஆறியது. வக்கீலிடம் போனபோதுதான் அந்த வரிக்கு உயிர் இல்லை என்று தெரிந்தது. 1932-ஆம் வருஷத்துக் கூட்டு நிறுவனச் சட்டத்தில், பங்குதாரர் இறந்தால் நிறுவனம் கலையும், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்று இருக்கிறது. ஆனால் இரண்டே பேர் இருந்த நிறுவனத்தில் ஒருவர் போனால் மிச்சம் ஒருவர். ஒருவர் எப்படிக் கூட்டாக முடியும்? 1965-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாகிவிட்டது. அன்றைய தேதியில் நிறுவனம் கலைந்தது. யார்டில் நின்ற வண்டிகளுக்கு மதிப்புப் போடவேண்டும். சில வண்டிகளின் காகிதம் இறந்தவர் பேரில், சிலது இவர் பேரில், சிலது பழைய சொந்தக்காரர் பேரிலேயே. யார் போட்ட பணம் எது என்று நோட்டில் இல்லை, மச்சான் தலையில் இருந்தது. அண்ணன் தங்கை என்று இருந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கு ஒரே கல்யாண மண்டபத்தில் வேறு வேறு பந்தியில் உட்காருகிறது.

ஆகவே கூட்டு வைக்கிறவர்களிடம் நான் சொல்வது: முடிந்தால் மூன்றாவதாக ஒருவரைச் சேருங்கள். ஒருவர் போனால் அவர் பங்கு எப்படி மதிப்பிடப்படும், எத்தனை மாதத்தில் எத்தனை தவணையில் அந்த வீட்டுக்குப் போகும் என்று எழுதுங்கள். யார் மட்டும் கடன் வாங்கலாம், எவ்வளவு தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பங்குதாரர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடன் கொடுத்தவன் மூன்று பேரையும் தேடவேண்டியதில்லை, வீடு வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்தால் போதும். முதலுக்கு வட்டி எவ்வளவு என்று எழுதுங்கள். வருஷத்துக்கு 12 சதவீதம் வரைதான் வருமான வரிக் கணக்கில் ஏற்பார்கள். மாதம் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதுங்கள். அப்புறம், யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: அந்த செல்போன் நம்பர். இருபது வருஷமாகப் பார்ட்டிகள் கூப்பிடுகிற நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவரோடுதான் வியாபாரம் போகிறது. போர்டுக்குச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு நம்பரைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

எழுதிய பத்திரத்தைப் பதிவு செய்வது அடுத்தது. நம் மாநிலத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டு நிறுவனங்களைப் பதிகிறார்கள். பதிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பதியாத நிறுவனத்தின்மேல் ஊரே வழக்குப் போடலாம். பதியாத நிறுவனம் ஒப்பந்தத்தை வைத்து யார்மேலும் வழக்குப் போடமுடியாது. பங்குதாரர்கள் தங்களுக்குள்ளேயும், கணக்குத் தீர்த்துக் கலைப்பதற்குத் தவிர, போடமுடியாது. நூறு ரூபாய்க்குள் அடங்கும் வழக்குக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறார்கள். 1932-ல் நூறு ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு அதில் ஒரு லிட்டர் பெட்ரோல்கூட ஒழுங்காக வராது. வெளியூர் வியாபாரி ஒருவர் மூன்று வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பாக்கியைத் தராமல் இழுத்தபோது, பதியாத ஒரு யார்டுக்காரர் செய்யமுடிந்தது மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்ததுதான்.

விலகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. பதிவாளருக்கும் அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுக்கும்வரை, நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்துக் கடன் கொடுத்தவருக்கு நீங்கள் பொறுப்பாளி. அந்தக் குட்டி விளம்பரத்துக்கு ஆகிற செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், அதே வாரத்தில் விலகிய சந்தோஷத்துக்குக் கிடா வெட்டி விருந்து வைப்பார்கள்.

கூட்டுப் பத்திரம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது உங்களுக்குள் உள்ள ஏற்பாடு. வெளியாளுக்கு எதிராக அது வீட்டைக் காப்பாற்றாது. அந்த வரப்பு வேண்டுமானால் எல்.எல்.பி.க்கோ பிரைவேட் லிமிடெட்டுக்கோ போகவேண்டும். இது எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் பழைய ஆடிட்டர் ஒரு கதையாகச் சொல்வார். லண்டனில் ஆரோன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. நன்றாக நடந்த தன் தொழிலை 1892-ல் ஒரு கம்பெனிக்கு விற்றார். ஏழு பேர் இருந்தால்தான் கம்பெனி என்பது அன்றைய சட்டம். தான், மனைவி, ஒரு மகள், நாலு மகன்கள், ஆக ஏழு. குடும்பத்தாருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, தனக்கு 20,001. கம்பெனி சீக்கிரமே நொடித்தது. இது வெறும் வேஷம், கம்பெனி என்பதே சாலமன்தான், அவர்தான் கடனைக் கட்டவேண்டும் என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டுகள் ஆமாம் என்றன. 1896-ல் பிரபுக்கள் சபை மாற்றிச் சொன்னது: முறைப்படி பதிந்துவிட்டால் கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள். ஆடிட்டர் இதைச் சொல்லும்போது சாலமன் தன் சொந்தக்காரர் என்பதுபோல அவர் முகம் மலரும். எனக்கு மனதில் நின்றது வேறு. மனைவி பேரில் ஒரே பங்குதான். அதற்கு மேல் எந்தச் சுமையும் அந்த அம்மாள் தலையில் ஏறவில்லை.

எல்.எல்.பி. நம் நாட்டில் 2008-ஆம் வருஷத்துச் சட்டம். கூட்டின் சௌகரியம், கம்பெனியின் வரப்பு. இரண்டு பேர் போதும். ஒருவர் செய்த தில்லுமுல்லுக்கு அவரே பொறுப்பு. மற்றவர் வீட்டுக்கு அது வராது. ஒருவர் இறந்தாலும் எல்.எல்.பி. சாகாது. பிரைவேட் லிமிடெட்டுக்கும் இரண்டு பேர் போதும். ஒரு லட்சம் முதல் இருக்கவேண்டும் என்ற பழைய விதியை 2015-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இவை தீனி கேட்கும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் தாக்கல் செய்யவேண்டிய படிவங்கள் உண்டு, எல்.எல்.பி.க்கு ஒன்று மே மாதக் கடைசிக்குள், ஒன்று அக்டோபர் கடைசிக்குள். தாமதித்தால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். விற்றுவரவு 40 லட்சத்தைத் தாண்டினால் எல்.எல்.பி.க்குத் தணிக்கை கட்டாயம். கார் வியாபாரத்தில் பத்து வண்டி விற்றாலே அது தாண்டிவிடும். கம்பெனிக்கு எப்போதும் தணிக்கை உண்டு. ஆசைக்கு ஆரம்பித்துவிட்டு, மூடவும் தெரியாமல் நடத்தவும் தெரியாமல் வைத்திருக்கிற கம்பெனிகள் எத்தனை குடும்பத்தில் அலமாரிக்குள் கிடக்கின்றன!

என் கணக்கு இதுதான். உறவுக்காரர்கள், சொந்தப் பணம், கடன் குறைவு என்றால் பதிவு செய்த கூட்டு. வெளியாள் பணம் உள்ளே வருகிறது, அல்லது பங்குதாரரில் ஒருவர் தொழிலைப் பார்க்கமாட்டார், பணம் மட்டும் போடுவார் என்றால் எல்.எல்.பி. புதுக் கார் டீலர்ஷிப் என்றால் பேசவே வேண்டாம், பிரைவேட் லிமிடெட். அங்கே கோடிக்கணக்கில் கட்டடம், சர்வீஸ் பட்டறை, ஸ்டாக் எல்லாம் உற்பத்தியாளர் கேட்கிற அளவுக்குப் போட்டுவிட்டு, அவர் நாளைக்கு இருப்பாரா என்று உங்களால் சொல்லமுடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, மறைமலை நகரில் அவ்வளவு பெரிய தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஷோரூம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பையனும் முதலாளியும் ஒரே நாளில் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

கம்பெனி அமைப்பில் இன்னொரு லாபம் குடும்பம் பெருகும்போது தெரியும். மதுரையில் 1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய டீலராக வளர்ந்தது. பிறகு எத்தனையோ கம்பெனிகள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, குடும்பக் கிளைகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு எழுதிக்கொண்டு, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022-ல் பிரித்துக்கொண்டார்கள். எல்லாம் பங்குகளாக இருந்ததால் பங்குகளாகப் பிரிந்தது. அதே சொத்து தனி ஆள் பேர்களில் கிடந்திருந்தால் எத்தனை தலைமுறைக்கு வக்கீல்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வரப்பு போட்டாயிற்று. அது எங்கெங்கே உடைகிறது என்பதைத்தான் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை.

முதல் உடைப்பு வங்கியில். கம்பெனிக்கு ஸ்டாக்மேல் கடன் கேட்டுப் போவீர்கள். மேனேஜர் காபி கொடுத்துவிட்டு, "டைரக்டர்ஸ் பர்சனல் கேரண்டி கொடுக்கணுமே சார்" என்பார். கையெழுத்துப் போட்ட நிமிஷம், அந்தக் கடனைப் பொறுத்தவரை வீடும் யார்டும் ஒன்று. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சமம். கையெழுத்தே போடாதே என்று நான் சொல்லவில்லை. போடாமல் இன்றைக்குக் கடன் இல்லை. எவ்வளவு தொகைவரை என்று எல்லை கேளுங்கள். டைரக்டர் பதவியை விட்டு விலகினால் ஜாமீன் தானாக விலகாது. வங்கியிடமிருந்து எழுத்தில் விடுதலைக் கடிதம் வாங்குங்கள். ராஜினாமா செய்துவிட்டு வெளிநாடு போன ஒருவருக்கு அங்கேயே நோட்டீஸ் போன கதை எனக்குத் தெரியும்.

இரண்டாவது உடைப்பு ஆர்.சி.யில். எங்கள் காலத்து வழக்கம், 29, 30 நம்பர் படிவங்களில் பழைய சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி, வாங்குகிறவர் பேரை எழுதாமல் காலியாக வைத்துக்கொள்வது. வண்டி மூன்று கை மாறும், ஆர்.சி. முதல் ஆள் பேரிலேயே இருக்கும். விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் யார் பார்த்தார்கள்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. உங்களை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வாத்தியார் கோர்ட்டுக்கு அலைவார். அவர் உங்களைச் சும்மா விடுவாரா?

2023 ஏப்ரல் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. பழைய வண்டி டீலர் அங்கீகாரச் சான்று வாங்கவேண்டும். அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். வண்டியை ஒப்படைத்ததும் உடையவரும் டீலரும் சேர்ந்து இணையம் வழியாக 29சி படிவத்தில் தெரிவித்தால், அதிலிருந்து டீலர்தான் அந்த வண்டிக்கு உடையவராகக் கருதப்படுவார். பேர் மாற்றம், என்.ஓ.சி., எஃப்.சி. புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வண்டி யார்டை விட்டு வெளியே போனால் எதற்காக, யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். பல பேருக்கு இது தொந்தரவாகத் தெரிகிறது. விபத்தின் பொறுப்பு வாத்தியார் தலையிலிருந்து இறங்கி உங்கள் நிறுவனத்தின் தலைக்கு வருகிறது. தனி ஆளாக நடத்தினால் அது உங்கள் தலை, உங்கள் வீடு. முன்னைவிட இப்போதுதான் வரப்புக்கு வேலை அதிகம்.

அந்தச் சான்று, ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், எல்லாம் ஒரே பேரில், ஒரே பான் எண்ணில் இருக்கவேண்டும். அதனால்தான் போர்டு எழுதும் முன்பு நிறுவனத்தை முடிவு செய்யச் சொல்கிறேன். தனி ஆளாக ஆரம்பித்து ஆறு மாதத்தில் கூட்டாக மாறினால் பான் மாறும், ஜி.எஸ்.டி. மாறும், எல்லாக் காகிதமும் மறுபடி. இடத்துக்காரரிடம் வாடகை ஒப்பந்தத்தை நிறுவனத்தின் பேரில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி அதை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். தன் பேரில் ஒப்பந்தம் வைத்திருந்த பங்குதாரர் கோபித்துக்கொண்டு போனபோது யார்டையும் கூடவே கொண்டுபோனார், நடந்திருக்கிறது.

மூன்றாவது உடைப்பு கல்லாவில். இதைத்தான் எந்தச் சட்டமும் உங்களுக்காகக் காவல் காக்காது. சாயங்காலம் கல்லாவிலிருந்து இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் தனி ஆளுக்குச் சரி. கம்பெனிப் பணம் கம்பெனியுடையது. சம்பளமாக, லாபப் பங்காக, முறையாக எடுக்கலாம். பெரிய பங்குதாரர் கடன் என்ற பேரில் எடுத்தால் அதை ஈவுத்தொகையாகக் கணக்கிட்டு வரி போட வருமான வரித்துறைக்கு வழி இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மண்டப வாடகையைக் கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, பிறகு கோர்ட்டில் போய், "கம்பெனி வேறு, நான் வேறு" என்று சொன்னால் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த மண்டப ரசீதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

ரொக்கமும் அப்படித்தான். ஒரு வண்டிக்கு ஒரே ஆளிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. 2017 ஏப்ரலிலிருந்து சட்டம், வாங்கினால் அதே அளவு அபராதம். வாங்கிய விலையைக் குறைத்து எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வண்டிக்கு ஜி.எஸ்.டி. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல்தான். 2025 ஜனவரியிலிருந்து எல்லாக் கார்களுக்கும் 18 சதவீதம். நாலு லட்சத்துக்கு வாங்கி நாலரைக்கு விற்றால் ஐம்பதாயிரத்துக்கு ஒன்பதாயிரம் வரி. வாங்கிய விலையை மூன்று லட்சம் என்று எழுதிவைத்தவர் ஒன்றரை லட்சத்துக்கு வரி கட்டவேண்டியவர் ஆகிறார். டிங்கரிங், பெயின்ட், டயர் என்று செலவழித்ததை அந்த வித்தியாசத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். பார்ட்டி வண்டியை நிறுத்திக் கமிஷனுக்கு விற்றுக்கொடுப்பது வேறு கணக்கு. அங்கே வரி கமிஷனுக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் குழப்பி எழுதினால், பார்ட்டி வண்டியையும் நீங்கள் வாங்கி விற்றதாக யாராவது சொல்லும்போது காட்டக் காகிதம் இருக்காது. நிறுத்தும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, எனக்கு மனசுக்குக் கஷ்டமானது. கூட்டில் இன்னொரு பேர் வேண்டும் என்றால் நம் ஆட்கள் உடனே மனைவியின் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரல் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். சட்டத்துக்கு அவள் முழுப் பங்குதாரர். யார்டின் ஒவ்வொரு கடனுக்கும் அவளுடைய சீர்ப் பணமும் அப்பா எழுதிவைத்த காடும் பதில் சொல்லவேண்டும். யார்டுக்கு ஒரு நாளும் வந்திராதவள், லாபம் எவ்வளவு என்று கேட்டால் திட்டு வாங்குகிறவள், நஷ்டத்தில் மட்டும் சரிபாதி.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்கு வந்தபோது நானும் இருந்தேன். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறது. தன் சேமிப்பைத் தொழிலுக்குக் கொடுக்க மனசார ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தது. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுல நான் கையெழுத்துப் போட்டா எனக்கு என்னங்கய்யா ஆகும்?" என்று கேட்டது. அந்த ஆபீசில் அந்தக் கேள்வியை அதற்கு முன் எந்தப் பெண்ணும் கேட்டு நான் கேட்டதில்லை. பையனுக்கு முகம் சுருங்கியது. ஆடிட்டர் நல்ல மனுஷர். பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். கடைசியில் பையனும் அவன் தம்பியும் சேர்ந்து எல்.எல்.பி. ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் பங்குதாரர் ஆகவில்லை. சேமிப்பை வங்கி வழியாகக் கடனாகக் கொடுத்து, வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டது. ஒன்றாம் தேதி வட்டி கணக்கில் ஏறவில்லை என்றால் புருஷனுக்கு இல்லை, நேராக யார்டு நம்பருக்குத்தான் போன் போகிறதாம். "ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்ககூட ரெண்டு நாள் பொறுப்பாங்க மாமா" என்று அவன் என்னிடம் வந்து புலம்புகிறான்.